வழுக்கலும் ஒட்டலும் ஒரே கிளட்சில்: 1967 டிரையம்ப் பானவில் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குச் சேர்ப்பதும், கைப்பிடியில் உள்ள லீவரை இழுத்தால் பிரிப்பதும் கிளட்ச். அது கெடுவதில் இரண்டு வகை உண்டு. லீவரை விட்ட பிறகும் பிளேட்டுகள் இறுகப் பற்றாமல், எஞ்சின் வேகம் மட்டும் ஏறி வண்டி பின்தங்குவது வழுக்கல். லீவரை முழுக்க இழுத்த பிறகும் பிளேட்டுகள் பிரியாமல், வண்டி முன்னே போகத் துடித்துக்கொண்டே நிற்பது ஒட்டல். முன்னது பிடிமானம் போதாத நோய், பின்னது பிடிமானம் விடாத நோய். ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டும் ஒரே கிளட்சில் சேர்ந்து வரும்போது பலர் குழம்பிப்போய் எல்லா பிளேட்டுகளையும் புதிதாக வாங்கிப் போடுகிறார்கள். சிறிது தூரம் ஓடியதும் அதே தொல்லை திரும்பி வருகிறது.

இந்த ஆய்வுக்கு வந்த மோட்டார் சைக்கிளில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: பிளேட்டுகள் தேய்ந்து போகவில்லை. கிளட்சில் இருக்கும் மூன்று சரிசெய்யும் இடங்களும் (ஸ்பிரிங் நட்டுகள், நடுத்திருகு, கேபிள்) ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும்படி, தலைகீழ் வரிசையில் திருகப்பட்டிருந்தன.

வண்டியும் புகாரும்

650 சிசி இரட்டைச் சிலிண்டர் டி120 பானவில், 1967 மாடல். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே உறைக்குள் கொண்டுவந்த வடிவம் இந்த வரிசையில் 1963 மாடலில் தொடங்கியது. இதில் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் 29 பல் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பற்சக்கரம்), பிளேட்டுகளைத் தாங்கும் கூடை போன்ற கிளட்ச் பேஸ்கட்டின் வெளிச்சுற்றில் 58 பல்லும் உள்ளன. இரண்டையும் இரட்டை வரிசைச் செயின் இணைக்கிறது. கிளட்ச் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுழலும். ஆனால் அது தாங்க வேண்டிய முறுக்கு விசை இரு மடங்கு. அந்த விசை முழுவதையும் ஆறு உராய்வு பிளேட்டுகளும், அவற்றின் இடையே அடுக்கிய இரும்புத் தகடுகளும், அந்த அடுக்கை அழுத்தும் மூன்று ஸ்பிரிங்குகளும் தாங்குகின்றன.

அதற்கு முந்தைய வடிவத்தில் நான்கு ஸ்பிரிங் இருந்தது. மூன்றாகக் குறைந்ததில் ஒரு வசதி உண்டு. எந்தத் தளமும் மூன்று புள்ளிகளில் தீர்மானமாகிவிடும் என்பதால், ஸ்பிரிங்குகளின் விசையைப் பிளேட் அடுக்கின்மேல் அழுத்தும் தகடான பிரஷர் பிளேட் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதை மூன்று நட்டுகளைக் கொண்டே துல்லியமாகத் திருத்த முடியும். அந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றால், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

உரிமையாளர் சொன்னவை: காலையில் முதல் கியர் போட்டால் பெரும் சத்தத்துடன் வண்டி முன்னே பாயும். நின்றுகொண்டிருக்கும்போது நியூட்ரல் கிடைக்காது, எஞ்சினை அணைத்தால்தான் கிடைக்கும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் திராட்டிலைத் திறந்தால் எஞ்சின் சத்தம் மட்டும் உயரும், வேகம் கூடாது. லீவர் கல்லாக இருக்கும், ஊர்ந்து போகும் நெரிசலில் மணிக்கட்டு நோகும். ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன என்று ஏற்கெனவே ஒருவர் சொல்லி, அவற்றை இறுக்கியும் கொடுத்திருந்தார். லீவர் கனத்தது அதற்குப் பிறகுதான்.

பிரிப்பதற்கு முன்

ஸ்பேனரை எடுக்கும் முன் கிக்கரை வைத்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். இந்த வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் வழியாகவும், பிறகு கிளட்ச் வழியாகவும் சென்றுதான் எஞ்சினை அடைகிறது. அதனால் ஒரே கிக்கர் இரண்டு நோய்களையும் காட்டிக்கொடுக்கும்.

முதல் சோதனை: இக்னிஷனை அணைத்து, லீவரை முழுக்க இழுத்துப் பிடித்து, கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். கிளட்ச் நன்றாகப் பிரிந்தால் கிக்கர் தடையின்றி இறங்கும், எஞ்சின் அசையாது. இங்கே எஞ்சின் கம்ப்ரெஷனோடு (சிலிண்டரில் காற்று அமுங்கும்போது வரும் எதிர்ப்பு) சேர்ந்து சுற்றியது. ஒட்டல் உறுதியானது.

இரண்டாவது சோதனை: லீவரை விட்டுவிட்டு, கம்ப்ரெஷன் தடுக்கும் இடம் வரை கிக்கரைக் கொண்டுவந்து, உடல் எடையை அதன்மேல் ஏற்ற வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் கிக்கர் அங்கேயே நின்று, பிறகு எஞ்சினோடு சேர்ந்து இறங்கும். இங்கே எஞ்சின் நின்றபடி இருக்க, கிக்கர் மட்டும் வழுக்கிக்கொண்டு கீழே போனது. வழுக்கலும் உறுதியானது.

மூன்றாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை. எனக்கு இந்த வழக்கின் மையமே அதுதான். லீவரில் விளையாட்டு, அதாவது இறுக்கம் தொடங்கும் முன் வெறுமனே அசையும் இடைவெளி, துளியும் இல்லை; தொட்ட உடனே இறுக்கம் தெரிந்தது. எனவே கைப்பிடியில் உள்ள கேபிள் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தினேன். செயினையும் கிளட்சையும் மூடியிருக்கும் செயின் கேஸின் மூடியில் உள்ள வட்ட மூடியைக் கழற்றி, பிரஷர் பிளேட்டின் நடுவில் இருக்கும் திருகையும் இரண்டு சுற்று வெளியே எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. இப்போது கம்ப்ரெஷனில் கிக்கரின்மேல் ஏறி நின்றபோது அது நழுவவே இல்லை.

இதன் பொருள் தெளிவானது. பிளேட்டுகளுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் எஞ்சினைத் தாங்கும் வலு இருந்தது. அந்த வலுவில் ஒரு பகுதியை, லீவரை இழுக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளிப் பிரிக்கும் கம்பியான புஷ் ராடு இடைவிடாமல் தின்றுகொண்டிருந்தது. லீவரை யாரும் தொடாதபோதும் கிளட்ச் பாதி இழுத்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பிளேட்டுக்குச் செலவழிப்பது வீண்.

மூடியைத் திறந்தபோது

எண்ணெயை வடித்து, இடது கால்மிதியையும் சைலன்சர் குழாயையும் விலக்கி, பிரேக் பெடலைத் தாழ்த்தி வெளிமூடியை எடுத்தேன். வடிந்த எண்ணெய் கறுத்தும் கனத்தும் இருந்தது. எஞ்சினில் ஊற்றும் அதே கனமான எண்ணெயை யாரோ இங்கேயும் ஊற்றியிருக்கிறார்கள்.

பிளேட்டுகளைக் கழற்றும் முன், பிரஷர் பிளேட் எவ்வளவு உயர்கிறது என்று அளந்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, கழற்றிய பிறகு இந்தத் தடயம் கிடைக்காது. கேபிளைப் பழைய நிலைக்கு இறுக்கி, லீவரை முழுக்க இழுத்துக் கட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கு அருகிலும் வெர்னியரின் ஆழ அளவுகோலால் பார்த்தேன். ஓரிடத்தில் 1.9 மில்லிமீட்டர், அடுத்ததில் 1.2, மூன்றாவதில் 0.7.

இந்த எண்களை ஒரு கணம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஆறு உராய்வு பிளேட்டுகளுக்கு இரு பக்கமும் சேர்த்து பன்னிரண்டு முகங்கள். பிரஷர் பிளேட் 2 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது பன்னிரண்டு இடைவெளிகளாகப் பங்கிடப்படும், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 0.17 மில்லிமீட்டர். 0.7 மட்டுமே உயரும் பக்கத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் 0.06 கூட மிஞ்சாது. ஒரு தகடு சிறிது வளைந்திருந்தாலே அந்த இடைவெளி காணாமல் போய்விடும். கிளட்சில் பத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட அலட்சியப்படுத்த முடியாது என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

ஸ்பிரிங் நட்டுகள் மூன்றும் மூன்று ஆழத்தில் இருந்தன. ஒன்றில், ஸ்பிரிங்கின் நடுவே நிற்கும் திருகாணியான ஸ்டட்டின் முனை நட்டுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஸ்பிரிங்கின் சுருள்கள் லீவரை இழுக்கும்போது ஒன்றோடொன்று முட்டின. முட்டிவிட்ட ஸ்பிரிங் அதற்குமேல் அமுங்காது. லீவரில் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் பிளேட் உயராது. 0.7 வந்த இடம் அதுதான்.

இந்த நட்டுகளைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நட்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும், அது ஸ்பிரிங்கின் முனையில் மாட்டி, நட்டு தானாகத் தளராமல் காக்கிறது. பலவந்தமாகத் திருப்பினால் புடைப்பு தேய்ந்து, பிறகு நட்டு ஓட்டத்தில் கழன்றுகொள்ளும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஸ்பிரிங்கின் முனையைச் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, நட்டின் காடியில் பொருந்தும் கருவியால் திருப்ப வேண்டும்.

பிளேட்டுகளை வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். உராய்வுப் பட்டைகளில் தேய்மானம் குறைவு, எல்லாமே அடித்தகட்டோடு உறுதியாக ஒட்டியிருந்தன. இரும்புத் தகடுகளில் மூன்று கிண்ணம்போல் குழிந்திருந்தன. தடித்த கண்ணாடியின்மேல் வைத்தபோது அடியில் 0.25 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. மேலே கணக்கிட்ட 0.17-ஐ இதோடு ஒப்பிட்டால் தகடு ஏன் பிரியவில்லை என்பது விளங்கும். அவற்றின் முகங்களில் நீலமும் பழுப்புமாகச் சூட்டின் நிறம் படிந்திருந்தது. நீண்ட நாள் வழுக்கியதன் அடையாளம் அது.

பேஸ்கட்டின் காடிகளில் பிளேட்டுகளின் பற்கள் மோதி மோதி வெட்டுத் தடங்கள் விழுந்திருந்தன. ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் தொல்லை தருவது ஆழம் அல்ல. லீவரை இழுக்கும்போது பிளேட் காடியில் வழுக்கிக்கொண்டு வெளியே நகர வேண்டும். வெட்டுத் தடத்தின் விளிம்பில் பல் மாட்டிக்கொண்டால் அது நகராது.

கடைசியாகப் புஷ் ராடு. கியர்பாக்ஸின் பொள்ளலான மெயின் ஷாஃப்டின் நடுவே போகும் நீண்ட கம்பி இது. ஒரு முனையில் பிரஷர் பிளேட்டின் நடுத்திருகு, அது ஷாஃப்டோடு சுழல்வது. மறுமுனையில் கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் மூன்று குண்டு விடுவிப்பான், அது சுழலாதது. இடையில் விளையாட்டு இருந்தால், லீவரை இழுக்கும் சில விநாடிகளில் மட்டும் உராய்வு ஏற்படும். விளையாட்டு இல்லையென்றால் ஓடும் நேரம் முழுவதும் உராயும். இங்கே ராடின் முனை நீலம் பாய்ந்து, கடினப்பதம் இழந்து, காளானைப்போல் விரிந்திருந்தது. பதம் இழந்த முனை வேகமாகத் தேயும். தேயத் தேய ராடு குட்டையாகும்.

வண்டி எப்படி இந்த நிலைக்கு வந்தது

பாகங்களில் இருந்த தடயங்களை வைத்து நான் கட்டிய வரிசை இது. முதலில் வந்தது ஒட்டல். காடிகளில் விழுந்த வெட்டும் கனமான எண்ணெயும் சேர்ந்து பிளேட்டுகளைப் பிரியவிடாமல் செய்தன. அதைத் தீர்க்க யாரோ கைப்பிடியில் கேபிளை இறுக்கினார். லீவர் இழுப்பு சிறிது கூடியதால் சற்று நிவாரணம் கிடைத்திருக்கும். ஆனால் விளையாட்டு தீர்ந்துபோனது. புஷ் ராடு பிரஷர் பிளேட்டை ஓயாமல் தள்ள, ஸ்பிரிங்கின் பிடி குறைந்து வழுக்கல் தொடங்கியது. வழுக்கிய சூட்டில் தகடுகள் குழிந்தன, ஒட்டல் மேலும் கூடியது. இப்போது வழுக்கலைத் தீர்க்க ஸ்பிரிங்குகளை இறுக்கினார்கள், அதுவும் மூன்றையும் சமமாக இறுக்காமல். லீவர் கனத்தது, ஒரு ஸ்பிரிங் முட்டியது, பிளேட் சாய்ந்து உயர்ந்தது. ஒட்டல் இன்னும் மோசமானது. அதைத் தீர்க்க மறுபடி கேபிள்.

ஒவ்வொரு கட்டத்திலும் செய்தது அந்த நேரத்து அறிகுறிக்குப் பொருத்தமானதாகவே தோன்றியிருக்கும். கைக்கு எளிதில் எட்டுவது கேபிள் அட்ஜஸ்டர் என்பதால் எல்லாமே அங்கிருந்து தொடங்குகிறது. உண்மையில் அதுதான் கடைசியாகத் தொட வேண்டிய இடம்.

பழுது பார்த்தது

குழிந்த மூன்று தகடுகளை மட்டும் மாற்றலாமா என்று யோசித்து, இரும்புத் தகடுகள் முழுவதையும் மாற்றினேன். ஒரே சூட்டைக் கண்ட மற்றவையும் பின்னர் குழிய வாய்ப்புண்டு, புதியதும் பழையதும் கலந்தால் பிடிமானம் சீராக இருக்காது. புதியவற்றையும் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். புதியது என்பதற்காகத் தட்டையாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

உராய்வு பிளேட்டுகளை வைத்துக்கொண்டேன். அவற்றை உப்புத்தாளில் தேய்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. பழைய வண்டிகளில் அதைச் செய்யவே வேண்டாம் என்று சொல்வேன். அந்தக் காலத்துப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதும் கூடாது. கழுவி, துடைத்து, புது எண்ணெய் தடவி அடுக்கினால் போதும்.

பேஸ்கட்டின் காடிகளை நுண்மையான தட்டை அரத்தால் சமன் செய்தேன். இதில் பொறுமை வேண்டும். ஒவ்வொரு காடியின் சுவரும் நேராகவும் செங்குத்தாகவும் இருக்க வேண்டும், எல்லாக் காடிகளிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். ஒன்றில் அதிகம் எடுத்தால் அங்கே பல் தொடாது, மற்ற பற்கள் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கி விரைவில் மறுபடி வெட்டும். ஆழமான வெட்டுகளை அரத்தால் போக்கினால் பிளேட் தளர்ந்து ஆடத் தொடங்கும், அந்த நிலையில் பேஸ்கட்டையே மாற்றுவது நல்லது. பிளேட் அடுக்கின் மையப் பாகமான ஹப்பில், தகடுகள் மாட்டும் வரிப்பள்ளங்களிலும் இதேபோன்ற லேசான தடங்கள் இருந்தன, அவற்றையும் சமன் செய்தேன்.

ஸ்பிரிங்குகள் மூன்றையும் அருகருகே நிறுத்திப் பார்த்தபோது முட்டியிருந்தது மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றினேன். கலவையாகப் போட்டால் சாய்வை ஒருபோதும் முழுதாகத் திருத்த முடியாது. புஷ் ராடும் புதிது. கண்ணாடியில் உருட்டி அது நேராக இருப்பதை உறுதிசெய்தேன். தேய்ந்த ராடின் நீளத்தை ஈடுகட்ட நடுவே இரும்புக் குண்டு போடுவோர் உண்டு, முனையின் பதம் போன பிறகு அது சில நாள் தள்ளிப்போடுவது மட்டுமே.

ஹப்பின் உள்ளே இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர்கள் நல்ல நிலையில் இருந்தன. 20 உருளைகள் கொண்ட பேரிங்கும் சரி. பேஸ்கட்டைக் கையால் அசைத்தால் லேசாக ஆடும், இந்த அமைப்பில் அது இயல்பு. நடு நட்டை 50 அடி-பவுண்டு முறுக்கில், அதாவது சுமார் 68 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, பூட்டு வாஷரை மடக்கினேன். இறுக்கும்போது கிளட்சைச் சுழலவிடாமல் பிடிக்க, பழைய உராய்வு பிளேட் ஒன்றையும் இரும்புத் தகடு ஒன்றையும் போல்ட்டால் பிணைத்து உள்ளே வைத்தால் அதுவே நல்ல கருவி. தூக்கி எறியப்போகும் தகடுகளில் இரண்டை இதற்காகவே எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

சரிசெய்யும் வரிசை

உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முதலில் ஸ்பிரிங், அடுத்து நடுத்திருகு, கடைசியில் கேபிள். இந்த வரிசையை மாற்றினால் முன்னே செய்தது பின்னே செய்ததால் கெடும்.

ஸ்பிரிங் நட்டுகளை, ஸ்டட்டின் முனையும் நட்டின் தலையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வரும் வரை மூன்றையும் சமமாக ஏற்ற வேண்டும். இது தொடக்க நிலை மட்டுமே. தற்காலிகமாகக் கேபிளை இணைத்து, லீவரை இழுத்துக் கட்டிவிட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் பேஸ்கட் நிற்க, பிரஷர் பிளேட் மட்டும் ஹப்போடு சேர்ந்து சுழலும். அசையாத ஒரு குறிமுனையை அதன் விளிம்புக்கு அருகே வைத்துப் பார்த்தால் தள்ளாட்டம் கண்ணுக்கே தெரியும். எந்த இடம் அதிகமாக வெளியே வருகிறதோ அதற்கு அருகில் உள்ள ஸ்பிரிங்தான் தளர்வானது. அந்த நட்டை அரைச் சுற்று உள்ளே திருப்பிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து நட்டைத் தளர்த்தியும் இதே பலனைப் பெறலாம். எதைச் செய்வது என்பதை மூன்றின் மொத்த இறுக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். லீவர் ஏற்கெனவே கனமாக இருந்தால் தளர்த்துவதே சரி. தேவைக்குமேல் இறுக்கிய ஸ்பிரிங் கூடுதல் பாதுகாப்பு எதையும் தருவதில்லை, கேபிளையும் புஷ் ராடையும் தின்பது மட்டுமே அதன் வேலை.

தள்ளாட்டம் மறையும் வரை இதை விடாமல் செய்ய வேண்டும். நேரம் எடுக்கும் வேலை இது ஒன்றுதான், கிளட்சின் குணத்தைத் தீர்மானிப்பதும் இதுதான். இந்த வண்டியில் முடிவில் மூன்று இடங்களிலும் 1.9 முதல் 2.0 மில்லிமீட்டர் உயர்வு கிடைத்தது.

அடுத்து நடுத்திருகு. கேபிளை மறுபடி முழுக்கத் தளர்த்த வேண்டும், கைப்பிடி லீவர் தொளதொளவென்று இருக்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் புஷ் ராடைத் தொட்டு, பிரஷர் பிளேட்டைத் தூக்கத் தொடங்கும். அந்த இடத்தை விரல் உணரும். அங்கிருந்து ஒரு முழுச் சுற்று வெளியே எடுத்து, திருகு நகராமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகர்ந்துவிடுவது வழக்கம், ஆகவே இறுக்கிய பின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

இந்த ஒரு சுற்றுக்குக் காரணம் கியர்பாக்ஸ் மூடிக்குள் இருக்கும் விடுவிப்பானில் உள்ளது. அது இரண்டு தகடுகளுக்கு இடையே மூன்று குண்டுகள் சரிவுகளில் ஏறும் அமைப்பு. குண்டுகள் சரிவின் அடியில் இருந்து ஏறத் தொடங்கினால்தான் முழு உயர்வும் கிடைக்கும். திருகு மிக உள்ளே இருந்தால் விளையாட்டு போகும். மிக வெளியே இருந்தால் சரிவின் முதல் பகுதி வெற்று இயக்கத்தில் வீணாகி, உயர்வு குறையும். அந்த இழப்பைக் கேபிளை இறுக்கி ஈடுகட்டுவது தவறான தொடக்கக் கோணத்தில் விடுவிப்பானை வேலை செய்ய வைப்பதுதான்.

கடைசியில் கேபிள். கைப்பிடி லீவருக்கும் அதன் தாங்கிக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கும்படி அட்ஜஸ்டரைத் திருகினால் வேலை முடிந்தது. கேபிளின் வளைவுகளில் கூர்மை இருக்கக் கூடாது. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, விளையாட்டு மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

லீவரைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய வண்டிகளுக்கான கிளட்ச் லீவர்களில் அச்சாணிக்கும் கேபிள் குமிழுக்கும் உள்ள தூரம் இருவகையாகக் கிடைக்கிறது: சுமார் 22 மில்லிமீட்டர், சுமார் 27 மில்லிமீட்டர். குட்டையானது கைக்கு இலேசு, ஆனால் கேபிளைக் குறைவாக இழுக்கும். நீளமானது அதிகம் இழுக்கும், கை கனக்கும். இந்த வண்டியில் இருந்தது குட்டையானது. அதிலேயே 2 மில்லிமீட்டர் உயர்வு வந்துவிட்டதால் மாற்றவில்லை. ஒட்டலுக்கு மருந்தாக நீளமான லீவரை வாங்குவோர், முதலில் ஸ்பிரிங்குகளின் சமநிலையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூடியை மூடும் முன், எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினின் தொய்வையும் பார்த்தேன். மேல் ஓட்டத்தின் நடுவில், செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில், மேலும் கீழுமாக 9.5 மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். சரியாகவே இருந்தது.

எண்ணெய்

இந்த மாடலின் செயின் கேஸ் எஞ்சினோடு எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதில்லை, தனியாக 350 மில்லி ஊற்ற வேண்டும். அதற்குச் சொல்லப்பட்டது எஸ்.ஏ.இ. 20 என்னும் மெல்லிய எண்ணெய். எஞ்சினுக்கான 20டபிள்யூ-50 என்னும் கனமான எண்ணெயை இங்கே ஊற்றினால் குளிர்ந்த நிலையில் அது பிளேட்டுகளுக்கு இடையே பசைபோல் நின்று, 0.17 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்றை மற்றொன்றோடு இழுத்துச் செல்லும். நவீன கார்களுக்கான எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும், அவை எதிர்த்திசையில் கெடுதல் செய்து வழுக்க வைக்கும். எண்ணெயில் நனைந்து ஓடும் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் குறிக்கும் ஜாஸோ எம்.ஏ. தரக் குறியீடு உள்ள மெல்லிய எண்ணெய் நல்ல தேர்வு. தானியங்கிக் கியர்பாக்ஸுக்கான டைப் எஃப் திரவத்தை விரும்புவோரும் பலர், உராய்வு குறைக்கும் சேர்மானம் அதில் இல்லை என்பதே காரணம்.

1970 மாடலில் இருந்து இந்த வரிசையில் எஞ்சின் செயின் கேஸ் வழியாக மூச்சு விடுகிறது, எண்ணெயும் இரண்டுக்கும் பொதுவாகிவிடுகிறது. அந்த வண்டிகளில் இப்படித் தனி எண்ணெய் தேர்ந்தெடுக்க வழியில்லை. எஞ்சினுக்கு ஊற்றுவதையே கிளட்சுக்கும் ஏற்றதாகப் பார்த்து ஊற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததும் அதற்குப் பிறகும்

முதலில் அதே இரண்டு கிக்கர் சோதனைகள். லீவரை இழுத்தபோது கிக்கர் தடையின்றி இறங்கியது. லீவரை விட்டபோது கம்ப்ரெஷனில் உறுதியாக நின்றது. சாலையில், சூடான எஞ்சினோடு நின்றபடி நியூட்ரல் கால் நுனியில் கிடைத்தது. முன்பு வழுக்கிய அதே ஏற்றத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் திராட்டிலை முழுக்கத் திறந்தபோது எஞ்சினும் வண்டியும் சேர்ந்தே வேகமெடுத்தன. லீவர் இரண்டு விரலில் வந்தது. ஸ்பிரிங்குகள் முன்பைவிடத் தளர்வாக இருக்க, பிடிமானம் முன்பைவிட அதிகமாக இருக்கிறது என்பதை உரிமையாளர் ஓட்டிப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய்ப் படலத்தால் பிளேட்டுகள் லேசாக ஒட்டிக்கொள்வது இந்த அமைப்பின் இயல்பு. ஸ்டார்ட் செய்வதற்கு முன் லீவரை இழுத்துப் பிடித்து, பிளேட்டுகள் விடுபட்டு கிக்கர் இலேசாகும் வரை மிதித்துவிட்டால் முதல் கியர் அமைதியாக விழும். இதை அவர் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நிற்கும் இடங்களில் லீவரைப் பிடித்தபடி கியரில் காத்திருக்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடும்படியும் சொன்னேன், புஷ் ராடின் முனை உராயும் நேரம் அதனால் குறையும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி திரும்பி வந்தபோது லீவரின் விளையாட்டு 3 மில்லிமீட்டரில் இருந்து பாதியாகக் குறைந்திருந்தது. புதிய தகடுகள் பொருந்தி அமரும்போது அடுக்கின் தடிமன் குறையும், பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து புஷ் ராடை நெருங்கும். ஆகவே இது எதிர்பார்த்ததே. கேபிள் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் தளர்த்தினாலும் விளையாட்டு திரும்பியிருக்கும். ஆனால் மாறியது உள்ளே இருக்கும் இடைவெளி. அதனால் வட்ட மூடியைத் திறந்து, கேபிளை முழுக்கத் தளர்த்தி, நடுத்திருகைத் தொடு நிலையில் இருந்து மறுபடி ஒரு சுற்று வெளியே வைத்து, பிறகே கேபிளுக்கு வந்தேன். ஸ்பிரிங் நட்டுகளைத் தொட வேண்டியிருக்கவில்லை, பிரஷர் பிளேட் நேராகவே உயர்ந்தது.